சாய்த்துப் பார்க்காத அடை

சின்னத்தாய் அக்காவின் ராணித் தேனீயைக் கொல்லச் சொன்னவன் நான். நசுக்கியது அக்காவின் விரல்கள்.

பெரும்பாறைத் தோட்டத்தில் காப்பி பூத்து மூன்றாம் நாள் அது. அக்கா குடியிருந்த தொழிலாளர் லயத்துக்குப் பின்னால், நிழல் மரத்தடியில் தேனீப் பெட்டியைத் திறந்தோம். எங்கள் பக்கத்தில் தேனீ வளர்க்கிறவர்களில் பயிற்சிக்குப் போய் வந்தவன் நான் மட்டும்தான். அதனால் எல்லாரும் என்னைக் கூப்பிடுவார்கள். எனக்கும் விளக்கிச் சொல்வதில் அப்படியொரு ஆசை.

"ராணியத் தேடாதீங்கக்கா, முட்டையத் தேடுங்க. மொத நாளு முட்டை அறைக்குள்ள நட்டமா நிக்கும். ரெண்டாம் நாளு சாயும். மூணாம் நாளு படுத்துக்கும். நிக்கிற முட்டை இருந்தா, இன்னைக்கு ராணி இங்க வந்திருக்குன்னு அர்த்தம்."

"நம்ம சூப்பர்வைசர் மாதிரி, வந்து போன தடத்தை வச்சே கண்டுபிடிக்கணுமாக்கும்" என்று அக்கா சிரித்தார்.

நல்ல ராணி நடுவில் தொடங்கி, அறை விடாமல் முட்டை வைத்துக்கொண்டே வெளியே போகும். புழுக்கள் வளர்ந்து, வேலைக்காரத் தேனீக்கள் மெழுகு மூடி போட்டதும் அந்த இடம் விரித்த துணி போல இருக்கும். அக்காவின் தேனடையிலோ மூடிய அறைகளுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாகக் கிடந்தது. ராணிக்கு ஒரு இறக்கை நுனியும் கிழிந்திருந்தது. என் மூக்குக்கண்ணாடி வீட்டில் இருந்தது.

"கெழவியாயிருச்சுக்கா. எடுத்துட்டா, பூச்சிகளே ஒரு சின்னப் புழுவுக்கு ஊட்டி வளர்த்துப் புது ராணி ஆக்கிக்கும். பதினாறு நாளு."

"பாவம் தம்பி."

"பாவம் பார்த்தா கூடே போயிரும். நீங்களே செய்யுங்க, கத்துக்கணும்ல."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு விரல்களை அழுத்தினார்.

மறுநாள் வெள்ளனே, கண்ணாடி போட்டுக்கொண்டு என் பெட்டியைத் திறந்தேன். அதே ஓட்டைகள். என் ராணிக்கு ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அடை கட்டிய மரச்சட்டத்தை வெயில் பக்கம் சாய்த்தேன். ஓட்டைகள் எல்லாம் மினுங்கின. உள்ளே தண்ணீர் போலத் தெளிந்த பூந்தேன். காப்பி சில நாள்தான் பூக்கும். அந்த அவசரத்தில் தேனீக்கள் காலியான அறை எது கிடைத்தாலும் நிரப்பிவிடும். ராணிக்கு முட்டை வைக்க இடம் இருக்காது. நிழலில், சாய்க்காமல் பார்த்தால் அந்த அறைகள் வெறுமையாகத்தான் தெரியும். கிழிந்த இறக்கையும் ஒன்றுமில்லை. ஆண் தேனீக்களோடு சேரும் கலியாணப் பறத்தல் முடிந்த பிறகு ராணி பறக்காமலே ஆண்டுக்கணக்கில் முட்டை வைக்கும்.

என் ராணியைச் சின்னக் கம்பிவலைக் கூண்டில் அடைத்து அக்காவிடம் கொண்டு போனேன். ராணியை இழந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது, கூடு ஏற்றுக்கொள்ளும். கூண்டைச் சட்டங்களின் மேல் வைத்தோம். தேனீக்கள் வலையைக் கடித்தால் பகை, நாக்கை நீட்டி ஊட்டினால் சம்மதம். ஊட்டின.

"எனக்காக உங்க ராணியவே கொண்டு வந்தீங்களா? இப்படி யாரு செய்வா! தேத்தண்ணி போடுறேன், இருங்க."

அப்படியே விட்டிருந்தால் நான் நல்லவனாகத் திரும்பியிருப்பேன்.

"அக்கா, அந்த ராணி நல்ல ராணி" என்றேன். நேற்றைய சட்டத்தை எடுத்து வெயிலில் சாய்த்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப அது ஒரு குத்தமும் செய்யல?"

"செய்யலக்கா. எடந்தான் இல்ல."

"இந்த லயத்துல ஒரே ரூம்புல ஏழு பேரு கெடந்தோம் தம்பி. எடமில்லாததுக்கா கொன்னோம்?" கட்டைவிரலைச் சேலையில் துடைத்தார். உடனே நிமிர்ந்தார். "ஐயோ, வெரசா ஓடுங்க! நீங்க சொன்னத அப்படியே கீழ லயத்து இந்துகிட்டச் சொல்லிட்டேன். அவ பெட்டியிலயும் ஓட்டையாத்தான் இருக்காம். இன்னைக்குக் காலையிலயே ராணிய எடுத்துடறேன்னா!"

காப்பிச் செடிகளுக்கு நடுவே இறங்கி ஓடினேன். நான் ஆசை ஆசையாகச் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு முன்னால் ஓடிப்போயிருந்தது.

இந்து பெட்டிமுன் குந்தியிருந்தாள், கையில் சட்டம்.

"வாங்கண்ணே! ஒரு மணி நேரமாத் தேடுறேன், கெழவி சிக்க மாட்டேங்குறா. நீங்களே புடிச்சுக் குடுங்க."

சட்டத்தை வாங்கினேன். கண்ணாடியை அழுத்திக்கொண்டு சாய்த்தேன். மினுக்கம் தெரிந்தது. அதன் ஓரத்தில், நீண்ட கருத்த வயிறோடு ராணி, ஒவ்வொரு அறையாகத் தலையை விட்டுப் பார்த்து, நிரம்பியிருக்கக் கண்டு நகர்ந்துகொண்டிருந்தது.

"சிக்குச்சாண்ணே?"

"இவள விடு இந்து. காலிச் சட்டம் ரெண்டு எடுத்துட்டு வா, எடம் குடுப்போம்" என்றேன். "அதுக்கு முன்னாடி, நான் அக்காவ என்ன செய்ய வச்சேன்னு சொல்றேன், கேளு."