கல்லைத் தூக்கி வைத்தவர்

தலைநகருக்கு மிக அருகில் என்று வீட்டு விளம்பரங்களில் போடுகிறார்களே, அந்த இடம்தான். எட்டே வருஷத்தில் தெருவின் எதிர்ப்பக்கம் முழுக்கப் பத்து மாடிக் கட்டடங்கள் எழும்பிவிட்டன. இந்தப் பக்கத்துச் சின்ன வீடுகளுக்கு மிஞ்சியது தூசியும் லாரிச் சத்தமும்தான். போதாக்குறைக்கு, அந்த மாடிகளின் கழிவுநீர் போகக் கான்கிரீட் கால்வாய் வேறு இவர்கள் வாசலில் வருகிறது.

வரட்டும், நல்லதுதானே என்றுதான் கொத்தனாரும் நினைத்தார். கால்வாய் தன் வாசலை எட்டிய அன்று குனிந்து பார்த்தவருக்கு மட்டம் சரியில்லை என்று பட்டது. முப்பது வருஷம் சுவர் எழுப்பிய கண்ணை ஏமாற்ற முடியுமா? மட்டம் பார்க்கிற டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை வீட்டுக்குள் மனைவியைப் பிடிக்கச் சொன்னார். மறுமுனையைக் கால்வாயில் பிடித்தார். கால்வாயின் அடித்தளம் வீட்டுத் தரையைவிட ஒன்றேகால் அடி உயரம்! முதல் மழைக்கே, மகள் இருபது நாள் குழந்தையோடு படுத்திருக்கும் அறையில் சாக்கடை வந்து நிற்கும்.

தெருவில் வேலையை மேற்பார்த்துக்கொண்டிருந்த கால்வாய் இன்ஜினியரிடம் ஓடினார்.

"சார், தண்ணி வெளிய போகாது. எங்க வீட்டுக்குள்ளதான் வரும்."

"டியூபை வெச்சுக்கிட்டு எனக்குப் பாடம் எடுக்கறீங்களா? அரசாங்கம் வெச்ச கல்லுல இருந்து அளந்திருக்கோம். இந்த ஏரியாவுக்கே உயரம் அதை வெச்சுத்தான்."

"எந்தக் கல்லு சார்?"

இன்ஜினியர் கை காட்டினார். எதிர்க் கட்டடத்து மதிலில், அம்புக்குறி செதுக்கிய கருங்கல் ஒன்று.

கொத்தனாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வருஷம் அந்த மதிலைக் கட்டியவரே அவர்தான். தெருவோரம் நட்டிருந்த கல்லைக் காட்டி, "வழியில நிக்குது, தூக்கி மதில்ல வெச்சு அழகா பூசிடு" என்றார் பில்டர். இவரும் கல் ஆடக் கூடாதே என்று ஒரு சட்டி சிமென்ட் கூடவே போட்டார். தொழில் சுத்தமாம்! அது என்ன கல் என்று ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. அளக்க வந்த படித்தவர்களாவது, தரையில் இருக்க வேண்டிய கல் மதிலில் எப்படி ஏறியது என்று கேட்டார்களா? அதுவும் இல்லை.

"அதை ரெண்டடி தூக்கி வெச்சது நான்தான் சார். கல்லு ஏறின அளவு கால்வாயும் ஏறிடுச்சு" என்றார்.

பின்னாலேயே வாசலுக்கு வந்திருந்த மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, பச்சப்புள்ள இருக்கற வீட்டை நீங்களே பள்ளத்துல தள்ளிட்டீங்களா?"

இன்ஜினியர் முகத்தில் நிம்மதி வந்தது. பழி போட ஆள் கிடைத்துவிட்டது அல்லவா?

"அரசாங்கக் கல்லைத் தொட்டா ஜெயிலு, தெரியுமா? வெளிய சொல்லாதீங்க. பேசாம வீட்டை ரெண்டடி உசத்திக் கட்டிக்கோங்க. நீங்கதான் கொத்தனாராச்சே!" சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில்தான் கொத்தனாருக்கு ஆத்திரம் உச்சிவரை ஏறியது. அதுவரை தன்மேல் இருந்த கோபம் அத்தனையும் திசை மாறியது. கூலிக்குக் கல் தூக்கியவன் ஜெயிலுக்குப் போக வேண்டும். தூக்கச் சொன்னவர் மாடி மேல் மாடி கட்டுவார், கண்ணை மூடிக்கொண்டு அளந்தவர் சிரிப்பாரா?

"அன்னைக்குத் தொட்டதுக்குக் கூலி குடுத்தாங்க. இன்னைக்கு ஜெயிலுங்கறீங்க. சரி, எழுதியே குடுக்கறேன்."

மனைவி உள்ளே போய்க் காகிதமும் பேனாவும் கொண்டுவந்து அவர் கையில் திணித்தாள். கால்வாய்ச் சுவரிலேயே காகிதத்தை வைத்து எழுதினார். கல்லை உயர்த்தி வைத்தவர் என்று தன் பெயர். வைக்கச் சொன்னவர் என்று பில்டர் பெயர். அடுத்த வரியில், கல்லைப் பார்க்காமல் அளந்தவர் என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"உங்க முழுப்பேரு என்ன சார்?"

இன்ஜினியர் சட்டென்று திரும்பி, கான்கிரீட் மெஷினை நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினார்.

"மெஷின் நிக்கட்டும் சார்," என்றார் கொத்தனார். "பேரைச் சொல்லுங்க."