என்ஜின் மட்டும்

சின்னக் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, "அக்கா, இதப் பறக்க விடணும்" என்று கேட்கிறவர்களை நான் பட்டறை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன். வேகம் வேண்டுமென்றால் வேகமான வண்டியை வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே? பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, வீட்டுச் சாமானை ஏற்றிக்கொண்டு, கொஞ்சமாகக் குடித்துக் கொஞ்சமாக ஓடுவதற்கென்று செய்த என்ஜின் அது. பிடித்து உலுக்கினால் இன்னும் கொஞ்சம் வேகம் கொடுக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆயுளும் அதோடு போய்விடும். இதைச் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போவார்கள். போகட்டும். என் வாய்க்குப் பயந்து வராதவர்கள்தான் இந்த ஊரில் அதிகம்.

அத்தான் வந்து அதையே கேட்டபோது மட்டும் என்னால் திருப்பி அனுப்ப முடியவில்லை.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். அவர் கொண்டுவந்து நிறுத்தியது அக்கா கடைசியாக உட்கார்ந்து போன வண்டி. அவர்கள் வீடு மலைக்கு இந்தப் பக்கம், பெரிய ஆஸ்பத்திரி அந்தப் பக்கம். ஒரு மத்தியானம் அக்காவுக்கு நெஞ்சு வலி வந்தது. அத்தான் அவளை இதில் உட்கார வைத்துக்கொண்டு மலை ஏறினார். வண்டி முக்கி முனகி ஏறி இறங்கி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது அக்கா இல்லை. "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். நான் அந்த வார்த்தையை விடவே இல்லை.

விற்பனைக்கு இருந்ததிலேயே மலிவான வண்டியைப் பார்த்து வாங்கிய மனுஷன் என்று எனக்கு வயிறு எரிந்தது. சாவு வீட்டில் அவர் கண்ணிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். அதையும் சேர்த்து மனதில் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நாங்கள் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

"இத இன்னும் வேகமா மலை ஏற வைக்க முடியுமா?" என்று கேட்டார்.

"இப்பவா கேக்கறீங்க?" என்றேன். வாயில் வந்துவிட்டது. வந்ததைத் திருப்பி விழுங்க முடியுமா?

அவர் தலை குனிந்துகொண்டார். "மகளுக்கு நாள் நெருங்குது. மாப்பிள்ளைக்கு வெளியூர் வேலை. வலி வந்தா நான்தான் கூட்டிட்டுப் போகணும். அதே ரோடு."

"ஆம்புலன்ஸ் எதுக்கு இருக்கு?"

"அது அந்தப் பக்கத்துல இருந்து மலை ஏறி இறங்கி வரணும். வந்து திரும்பவும் ஏறணும்."

"அப்போ வேற வண்டி வாங்குங்க."

"வேற வேண்டாம். இதுதான்." சாவியை என் மேசையில் வைத்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். "ஒன்னே ஒன்னு. என்ஜின மட்டும் தொடு. உள்ள எதையும் தொடாத. சீட்டு, கீழ கிடக்கிற மேட், எதையும்."

"உள்ள என்ன, புதையலா வச்சிருக்கீங்க?"

அவர் போய்விட்டார். இந்த மனுஷனுக்கு எப்போதும் இப்படி ஏதாவது ஒரு பிடிவாதம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வேலைக்கு ஒத்துக்கொண்டது அவருக்காக இல்லை. அக்கா மகள் எனக்கும் மகள்தான்.

அந்த வண்டி அதற்கு முன்னால் என் பட்டறைக்கு வந்ததே கிடையாது. அக்கா விடமாட்டாள். வேகம் என்றாலே அவளுக்கு உயிர் நடுங்கும். பஸ்ஸில் போனால்கூட முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் உட்காருவாள். அத்தானோ அந்தக் காலத்தில் வண்டியை விரட்டுகிற ஆள். "உன்கிட்ட விட்டா நோண்டி நோண்டி இத ராக்கெட் ஆக்கிடுவ. அப்புறம் அந்த மனுஷன யாரு பிடிக்கிறது? போடி கரிமூஞ்சி" என்பாள். சர்வீஸுக்கு வேறு எங்கேயோ அனுப்புவாள். சொந்தத் தங்கச்சி பட்டறை வைத்திருக்க, இவள் வண்டி ஊரான் பட்டறையில் நிற்கும். கேட்டால் சிரிப்பாள்.

எந்த வண்டி வந்தாலும் ஸ்பானரை எடுப்பதற்கு முன் நானே ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பேன். பட்டறைக்குப் பின்னால் ஒரு ஏற்றம் இருக்கிறது. அதில் ஒருமுறை ஏற்றினால் போதும், எங்கே வலிக்கிறது என்று வண்டியே சொல்லிவிடும். இந்த வழக்கத்தை நான் யாருக்காகவும் மாற்றியதில்லை. அன்று மாற்றினேன். கதவைத் திறந்ததும் முன் சீட்டில் அக்காவின் சால்வை மடித்து வைத்திருந்தது தெரிந்தது. கதவைச் சாத்திவிட்டேன். பக்கத்து டயர் கடைக்காரரைக் கூப்பிட்டு, வண்டியைக் கையால் தள்ளித்தான் உள்ளே கொண்டுபோனேன்.

வேலையில் குறை வைக்கவில்லை. என்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி அடிப்பக்கத்தை மெல்லிசாக இழைக்கக் கொடுத்தேன். அப்படிச் செய்தால் உள்ளே அழுத்தம் கூடும், ஒவ்வொரு வெடிப்பும் பலமாக இருக்கும். வால்வுகளை ஒவ்வொன்றாகத் தேய்த்து உட்கார வைத்தேன். காற்று உள்ளே வரும் வழியிலும் புகை வெளியே போகும் வழியிலும் வார்ப்பில் விட்டுப்போன முண்டு முடிச்சுகளை அரைத்து வழவழப்பாக்கினேன். காற்றையும் பெட்ரோலையும் கலக்கிற கார்புரேட்டரைப் பெரிதாக மாற்றினேன். புகைக்குழாயை அகலமாக்கினேன். இந்த என்ஜின் தாங்கும் எல்லைவரை போய் அங்கே நிறுத்திக்கொண்டேன். அந்த நாட்களில் நான் யாரிடமும் எரிந்து விழவில்லை என்று டயர் கடைக்காரர் கவலைப்பட்டு, உடம்பு சரியில்லையா என்று வந்து விசாரித்தார்.

வேலை முடிந்ததும் ஓட்டிப் பார்த்துத்தானே ஆகவேண்டும்? சால்வையை எடுக்காமல் மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். ஸ்டார்ட் செய்ததும் சத்தம் அருமையாக இருந்தது. ஏற்றத்தில் விட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். வண்டி பாதி தூரம் ஏறியதும் இழுக்க மாட்டேன் என்றது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. யார் மேல்? என் மேல்தான். திரும்பிக் கொண்டுவந்து நிறுத்தி, பானட்டைத் திறந்து வைத்து, டயர் கடைக்காரரை உள்ளே உட்கார்ந்து பெடலை அடிவரைக்கும் மிதிக்கச் சொன்னேன். கார்புரேட்டர் வாயில் ஒரு சின்னத் தகடு இருக்கும். பெடலை மிதிக்க மிதிக்க அது திறக்கும். அது பாதிதான் திறந்தது.

"முழுசா மிதிங்கன்னா!"

"இதுக்கு மேல போகலம்மா. கீழ ஏதோ தடுக்குது."

அவர் போன பிறகு குனிந்து மேட்டைத் தூக்கினேன். ஆக்ஸிலேட்டர் பெடலுக்கு நேர் கீழே, தரையில், ஒரு செருப்பின் குதிகால் பக்கத்தை வெட்டி இரண்டடுக்காக ஒட்டியிருந்தது. நீல ரப்பர் செருப்பு. விளிம்பில் கத்தரிக்கோல் தடுமாறிய அடையாளம்கூட இருந்தது. ரப்பரை நேராக வெட்ட அவளுக்கு என்றைக்கும் வராது. அக்கா வீட்டுக்குள் போட்டுக்கொண்டு திரிந்த செருப்பு அது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வண்டி மேல் ஒரு குற்றமும் இல்லை. அத்தான் மலிவாக வாங்கியதிலும் இல்லை. வேகத்துக்குப் பயந்து அவளே ஒட்டிவைத்தது, அன்றைக்கு அவளையே மலையில் பிடித்து நிறுத்தியிருக்கிறது. "அடிப் பைத்தியமே" என்று சத்தமாகச் சொன்னேன். சொல்லிவிட்டு அழுதேன். பிறகு ஸ்க்ரூ டிரைவரை விட்டுப் பெயர்த்தெடுத்து, கழிவு டப்பாவில் வீசினேன். திரும்ப ஏற்றத்துக்குக் கொண்டுபோனால் வண்டி சும்மா அள்ளிக்கொண்டு ஏறியது.

இதை அத்தானிடம் சொன்னால் அவர் மனதில் இருக்கிற பாரம் இறங்கிவிடும். ஆனால் அது போய் அக்கா தலையில் உட்காரும். செத்தவள் வந்து தனக்காகப் பேசுவாளா? சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். என்ஜின் வேலையால் வந்த வேகம் என்றே அவர் நினைத்துக்கொள்ளட்டும். முன்னாலேயே செய்திருக்கலாமே என்று காலம் முழுக்க வேகட்டும். எனக்கு என் அக்காதான் பெரிது.

மறுநாள் காலை அத்தான் வந்தார். நன்றாக வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். ஏறி உட்கார்ந்தார். ஸ்டார்ட் செய்யாமலே பெடல் மேல் காலை வைத்து அழுத்தினார். பெடல் தரைவரை போய் இடித்தது. குனிந்து மேட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார்.

"எங்க அது?"

"எது?"

"விளையாடாத. உள்ள எதையும் தொடாதன்னு சொன்னேனா இல்லையா? எங்க அது?"

அவர் என்னிடம் குரலை உயர்த்தியதே இல்லை. எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. "அப்போ உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டே அத வச்சுக்கிட்டா ஓட்டுனீங்க? அன்னைக்கு அத ஒரு இழு இழுத்திருந்தா என் அக்கா இருந்திருப்பா! தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

அவர் வண்டியிலிருந்து இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அவ ஒட்டுன அன்னைக்கே ஜன்னல்ல இருந்து பார்த்துட்டேன். பார்த்தேன்னு அவளுக்குத் தெரியாதுன்னு நினைச்சேன். பயந்தவ, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். அன்னைக்கு மலை ஏறும்போது வண்டி இழுக்கல. அதப் பிச்சு எறியக் குனிஞ்சேன். அவ என் கையப் பிடிச்சுக்கிட்டா. 'அத எடுக்காதீங்க. மெதுவாவே போங்க. நான் எங்கயும் போயிட மாட்டேன்'னு சொன்னா." பெடலிலிருந்து காலை எடுத்துக்கொண்டார். "எனக்குத் தெரியும்னு அவளுக்கும் தெரிஞ்சிருக்கு. கைய உதறிட்டு எடுத்திருக்கணும். எடுக்கல. அவ கையப் பிடிச்சுக்கிட்டே ஓட்டினேன்."

நான் போய்க் கழிவு டப்பாவை இழுத்துக்கொண்டு வந்து வண்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"எடுக்காதீங்கன்னு அவ சொன்ன கடைசி வார்த்தை. அத என்னால மீற முடியல. மகளையும் விட முடியல. அதான் என்ஜின மட்டும் பாருன்னு உன்கிட்ட வந்தேன்."

இரண்டு பேருமாகக் கழிவு டப்பாவைத் தரையில் கொட்டினோம். எண்ணெய்த் துணி, இரும்புத்தூள், பழைய வாஷர் எல்லாவற்றையும் கையால் விலக்கினோம். அவர் கைக்குத்தான் கிடைத்தது. சட்டையால் துடைத்தார். "பசை நல்லதா இருக்கா உன்கிட்ட?" என்று கேட்டார்.

"மரியாதையா எழுந்திரிங்க அத்தான். நான் ஒட்டறேன். உங்களுக்கு அதுவும் கோணலாத்தான் வரும்."

பழைய இடத்திலேயே ஒட்டினேன். ஒட்டிவிட்டு, பெடலின் தண்டைக் கழற்றி மேசையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெடல் நடுவில் ஒரு ஆணியில் ஆடும். கீழ்முனையைக் கால் மிதிக்கும், மேல்முனை கேபிளை இழுக்கும். மேல்முனையில் ஒரு இரும்புத் துண்டை வெல்டு செய்து நீட்டி, கேபிளை அதன் உச்சியில் மாட்டினேன். இனிமேல் கால் பாதி இறங்கினாலே கேபிள் முழுதாக இழுபடும். செருப்பைத் தொடுகிற இடத்தில் தகடும் முழுக்கத் திறந்திருக்கும். பெடல் கொஞ்சம் கனமாக இருக்கும், தொட்டதும் பாயும்; பழகிக்கொள்ளலாம். அக்கா வைத்தது வைத்த இடத்திலேயே இருக்கும்.

அத்தானை உட்கார வைத்துக் காட்டினேன். கால் ரப்பரைத் தொட்டு நின்றது. நான் பானட்டுக்குள் பார்த்தேன். தகடு முழுதாகத் திறந்திருந்தது.

"திறந்திருக்கா?"

"திறந்திருக்கு அத்தான்."

அக்கா மகளுக்கு வலி எடுத்தபோது நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். பக்கத்தில் இருங்க சித்தி என்று அவள் கேட்டதால் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்திருந்தேன். வெயில் உச்சியில் இருந்தது. நானும் அவளும் பின் சீட்டில். முன் சீட்டில் சால்வை மட்டும். ஏற்றம் ஆரம்பித்ததும் என்ஜின் உறுமியது. நான் அரைத்து வைத்த ஒவ்வொரு இடமும் எனக்குக் காதில் கேட்டது. லாரிகள் பின்னால் போயின. ஒரு வளைவில் வண்டி சாய்ந்தபோது அவள் என் கையை நசுக்கினாள்.

"அப்பா, பயமா இருக்குப்பா. மெதுவா போங்க."

அக்காவின் குரல் அப்படியே. கண்ணாடியில் அத்தானின் கண்களைப் பார்த்தேன். அவர் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டேன்மா" என்றார். "இன்னைக்கு மாட்டேன்."

அவர் கால் செருப்பைத் தொடும்வரை இறங்கியது. வண்டி ஏறியது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவளைப் பரிசோதித்துவிட்டு வெளியே வந்தார். வியர்த்து விறுவிறுத்து நின்ற எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"எல்லாம் நல்லா இருக்கு. இன்னும் நிறைய நேரம் இருக்கே. எதுக்கு இப்படி அடிச்சுப் பிடிச்சு இவ்வளவு சீக்கிரமா வந்தீங்க?"

அத்தான் பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, சாவு வீட்டில் அழாத அழுகையை எல்லாம் அங்கே வாய்விட்டு அழுதார்.