தூக்குக்குப் பூ கேட்டது

அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். சொன்னவர் கோர்ட்டுப் பக்கம் போகாத புண்ணியவான். இந்தக் காலத்தில் அரசனும் நின்றுதான் கொல்கிறான். கீழ்க்கோர்ட், மேல்கோர்ட், அப்பீல் என்று ஐந்து வருஷம் இழுத்து, கடைசியில் கொல்வதா விடுவதா என்கிற பாரம் ராயபுரம் ஆறுச்சாமியின் தலையில் வந்து இறங்கியது.

ஆறுச்சாமி பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஒரே மகள் மைதிலியை அனுப்பர்பாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். மருமகன் வீட்டோடு பத்து மெஷின் போட்டுத் தொழில் நடத்தினான். அங்கே டைலராக இருந்த சிவராஜ், 2001இல் ஒரு மத்தியானம் நகைக்காக உள்ளே புகுந்து இரண்டு பேரையும் வெட்டிப் போட்டான். அவள் கையால் சோறு வாங்கித் தின்றவன். தூக்கு என்று ஜட்ஜ் படித்த அன்று ஆறுச்சாமி கோர்ட்டு வாசலில் தேங்காய் உடைத்தார். பேப்பரில் போட்டோகூட வந்தது.

இப்போது 2006 ஆனி மாதம். எல்லாக் கோர்ட்டும் தூக்குதான் என்று சொல்லி முடித்துவிட்டன. சிவராஜின் அம்மா பழனாயி, மூலனூர் முருங்கைக்காய் மண்டியில் மூட்டை கட்டுகிறவள், வாசலில் வந்து நின்றாள். கையில் வக்கீல் டைப் அடித்துக் கொடுத்த காகிதம். எங்கள் மகளைக் கொன்றவனுக்குத் தூக்கு வேண்டாம், ஆயுள் தண்டனையே போதும் என்று கவர்னருக்கு எழுதியிருந்தது. கீழே ஆறுச்சாமி கையெழுத்துப் போட வேண்டும்.

"பெத்தவங்களே சொன்னா எடுபடும்னு வக்கீல் சொல்றாருங்கண்ணா. உங்க மூஞ்சீல முழிக்கிற யோக்கியதை எனக்கு இல்லீங்க. ஆனா வேற எங்கீங்க போவேன்?"

செருப்பால் அடித்துத் துரத்தியிருக்கலாம். அடிக்கவில்லை. காகிதத்தை வாங்கிக்கொண்டு, "ஞாயித்துக்கெழம வாங்க" என்று சொல்லிவிட்டார். ஏன் சொன்னார் என்று அவருக்கே விளங்கவில்லை.

அன்றிலிருந்து மனுசனுக்கு ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். காலையில் பல் விளக்கும்போது "தொங்கட்டும் நாயி" என்பார். மத்தியானம் கட்டிங் டேபிளில் நிற்கும்போது தூக்குக் கயிறு ஞாபகம் வந்து மெஷினை நிறுத்திவிடுவார். ஒரு நாள் ஒரு அடுக்குத் துணியையே அளவு மாறி வெட்டித் தள்ளினார். கம்பெனியில் கேட்டால் ஆளுக்கொரு தீர்ப்பு. "தூக்கு இருந்தாத்தான் நாலு பேருக்குப் பயம் வரும்" என்றார் மேனேஜர். "தூக்கு இருக்கும்போதுதானுங்க அவன் வெட்டுனான்" என்றாள் செக்கிங் சாரதாமணி. இரண்டுமே ஆறுச்சாமிக்குச் சரியாகப் பட்டது. அதுதான் வினை.

மருதாளுக்கு, அவர் மனைவிக்கு, இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. "எம்புள்ளைய வெட்டுனவனுக்கு நீங்க கையெழுத்துப் போடுவீங்களா? போடுங்க. அப்புறம் எங்கூடப் பேசாதீங்க."

கடைசியில், பெண் எடுப்பதிலிருந்து கிணறு வெட்டுவது வரை கொங்குநாட்டுக்காரர்கள் எதைச் செய்வார்களோ அதையே இவர்களும் செய்தார்கள். சனிக்கிழமை காலை குலதெய்வக் கோயிலுக்குப் பூ கேட்கப் போனார்கள். பூசாரி வெள்ளரளி ஒன்றும் செவ்வரளி ஒன்றும் தனித்தனி இலையில் பொட்டலம் கட்டி, குலுக்கி ஆத்தா காலடியில் போட்டார். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. "நெனச்ச காரியத்தை மனசுக்குள்ளயே கேளுங்க சாமி. வாய் தொறக்கப்படாது" என்றார். இருவரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள்.

பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

மருதாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா உத்தரவு குடுத்துட்டா."

"ஆமா" என்றார் ஆறுச்சாமி. "போட்டுரலாம்."

"என்னத்தைப் போடறது?"

"கையெழுத்துத்தான். போடட்டுமான்னுதானே கேட்டோம்?"

"அவன் தொங்கோணுமான்னு நான் கேட்டேனுங்க!"

ஐந்து வருஷமாக ஒரே துக்கத்தைச் சுமந்த இரண்டு பேர், ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும் என்றுகூடப் பேசி வைத்துக்கொள்ளவில்லை. இன்னொரு தரம் போடச் சொல்லிக் கெஞ்சினார்கள். பூசாரி கையை விரித்துவிட்டார். "ஒரு காரியத்துக்கு ஒருக்காத்தானுங்க. ஆத்தா என்ன பஸ் ஸ்டாண்டு என்கொயரியா, திருப்பித் திருப்பிக் கேக்க?"

மறுநாள் பழனாயி வந்தாள். ஆறுச்சாமி பூ கேட்ட கதையை அவளிடமே கொட்டிவிட்டார். வேறு யாரிடம் சொல்வது? அவள் முழுக்கக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"நானும் எங்க சாமிகிட்டப் பூ கேட்டேனுங்கண்ணா. அவன் பொழைப்பானான்னு. செவப்புத்தான் வந்துச்சு."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"சாமி ஆகாதுன்னு சொன்னா, பெத்தவ உட்டுருவாளுங்களா?"

ஆறுச்சாமி காகிதத்தை எடுத்து வந்து மடியில் விரித்தார். இவளுக்கு இரங்குவது மைதிலிக்குச் செய்கிற துரோகமா, இல்லையா? தெரியவில்லை. யோசித்தால் போட முடியாது என்று சடக்கென்று கையெழுத்துப் போட்டார். மருதாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பழனாயி தெருமுனை தாண்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். மார்ச்சுவரியில் பார்த்த மகளின் முகம் எதிரே வந்து நின்றது. வெட்டு வாங்கியது அவள். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? டி.வி.எஸ். ஃபிஃப்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு விரட்டினார். மூலனூர் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பழனாயிக்கு அவரைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. மடியிலிருந்து காகிதத்தை எடுத்து வெளியே நீட்டினாள். அவள் கெஞ்சியிருந்தால் ஆறுச்சாமி அங்கேயே கிழித்திருப்பார்.

"தேதி போட மறந்துட்டேனுங்க. அது இல்லாம காகிதம் செல்லாதுங்க" என்றார்.

பஸ்ஸின் தகரத்தில் காகிதத்தை வைத்துத் தேதி எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது மருதாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"காகிதத்தை வாங்கிட்டு வந்துட்டீங்களா?"

"இல்ல. தேதி போட்டுக் குடுத்துட்டு வந்தேன்."

அவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். ஆறுச்சாமி பக்கத்தில் போகப் பயந்து வண்டியைப் பிடித்தபடியே நின்றார். பிறகு அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"சரியான தேதியத்தானே போட்டீங்க?"