நாலரை மணிக் கதவுகள்

தச்சர் இறந்த அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு, இருபத்தாறு வருடங்களில் அவர் இந்த ஊரில் செய்து மாட்டிய நானூற்றுப் பதினேழு கதவுகளும் தாமாகத் திறந்துகொண்டன. பூட்டியிருந்தவை பூட்டோடு திறந்தன. தாழ்ப்பாள் போட்டவை தாழ்ப்பாளை விலக்கிக்கொண்டு திறந்தன. மருந்துக்கடை, தபால் நிலையம், வரி அலுவலகத்தின் பழைய கோப்புகள் கிடக்கும் அறை, பல் டாக்டரின் உள்ளறை எல்லாம் ஒரே நிமிடத்தில். போலீஸ் நிலையத்துக் கழிவறைக் கதவு, இன்ஸ்பெக்டர் உள்ளே இருக்கும்போதே திறந்தது. அவர் வெளியே வந்து மூன்று பேரைத் திட்டினார். ஆனால் யாரைக் கைது செய்வது என்று தெரியவில்லை. சரியாக இருபது நிமிடம் திறந்து கிடந்துவிட்டு, நாலு ஐம்பதுக்குக் கதவுகள் மூடிக்கொண்டன. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. அந்த வாரம் வெங்காயம் கொஞ்சம் விலை ஏறியிருந்தது, மழை இல்லை.

இறந்தவரை ஊரில் எல்லாரும் அரைநூல் என்றுதான் கூப்பிட்டார்கள். தச்சர்கள் ஓர் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிப்பார்கள். அதில் அரைநூல் விலகியிருந்தாலும் மாட்டிய கதவைக் கழற்றித் தோளில் சுமந்துகொண்டு பட்டறைக்குப் போய்விடுவார் அவர். வீட்டுக்காரர்கள் வாசலில் போர்வையைக் கட்டி இரண்டு நாள் குடும்பம் நடத்துவார்கள். இன்னொரு பிடிவாதமும் அவருக்கு இருந்தது. மூத்த மகள் பிறந்த நாளிலிருந்து பதினேழு வருடம், மணி நாலரை ஆனால் உளியைக் கீழே வைத்துவிடுவார். அடித்த ஆணி பாதியில் நின்றாலும் சரி, வேலை கொடுத்தவர் பல்லைக் கடித்தாலும் சரி. பட்டறையிலிருந்து வீட்டுக்கு இருபது நிமிட நடை. நாலு ஐம்பதுக்கு அவர் மனைவி கதவைத் திறந்து வைத்திருப்பார். இவர் தலைமுடியிலும் சட்டை மடிப்பிலும் மரச்சீவலோடு உள்ளே நுழைவார், அது கூடம் முழுக்க உதிரும், மனைவி திட்டுவார், இரண்டு பெண்களும் சிரிப்பார்கள். பிறகு இருட்டும்வரை அவர் அவர்களுடையவர். பெரியவளுக்குக் கணக்கு, சின்னவளுக்குத் தலை பின்னல். பின்னலின் இரண்டு பக்கமும் சமமாக வராவிட்டால் அவிழ்த்து மறுபடி பின்னுவாராம். காலையிலும் அவரேதான் பின்னுவார், அவள் பள்ளிக்குத் தாமதமாகப் போன நாட்களுக்கெல்லாம் அதுதான் காரணம்.

இப்படிப்பட்ட மனிதரைப் பற்றி நகரசபை எழுதிய விசாரணை அறிக்கை மொத்தம் இரண்டரை வரி. புதிய மண்டபத்தின் வாசல் நிலை இரண்டு ஆள் உயரம். சாரத்தில் ஏறி நின்று கதவை மாட்டி, நிலையின் மேல் பொருத்தை இறக்கி மர முளை அடித்த கையோடு, காலை பதினோரு மணிக்கு, காலடிப் பலகை உடைந்து விழுந்தார். இது முதல் ஒன்றரை வரி. ‘இறந்தவரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்’ என்பது மிச்சம். கீழே நகரசபைப் பொறியாளரின் கையெழுத்து, காண்ட்ராக்டரின் கையெழுத்து. அப்போது மண்டபத்துக்குள் வேலை செய்த நாலு பேரும் விழுந்ததைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று வாக்குமூலம் கொடுத்தார்கள். மண்டபத்துக்குக் கூரை போட்டு அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. இதை யாரும் கேட்கவில்லை.

கேட்டவர் ஒருவர்தான், அவர் மனைவி. பொறியாளரின் அறைக்குப் போய் நின்றார். உட்காரச் சொல்லவில்லை, நின்றுகொண்டே கேட்டார். பொறியாளர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருப்பதற்கு வேண்டிய முயற்சிகூட அவரிடம் இல்லை. பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்:

“போனவர் மேல ஒரு வார்த்தை எழுதினா யாருக்கும்மா நஷ்டம்? இருக்கறவங்க மேல எழுதினா நாலு பேருக்கு வேலை போகும்.”

“எனக்கு நஷ்டம் சார். அவர் பேருக்குப் பக்கத்துல அந்த வார்த்தை இருக்கக் கூடாது.”

மனு கொடுங்கள் பார்க்கலாம் என்றார் பொறியாளர். பதினான்கு மாதங்களில் ஐந்து மனுக்கள் போயின. ஐந்துக்கும் ஒரே பதில் வந்தது, தேதி மட்டும் மாறி. இதற்கிடையே பள்ளிக்கூடத்தில் பாதுகாப்பு வாரம் என்று ஒன்று வைத்தார்கள். கவனக்குறைவால் என்னென்ன ஆகும் என்பதற்குச் சமீபத்து உதாரணமாக, சின்னவளை வகுப்பில் வைத்துக்கொண்டே டீச்சர் மண்டபத்து விபத்தைச் சொன்னார். பதினோரு வயதுப் பெண் எழுந்து நின்று, “எங்கப்பா அரைநூல்கூட விட மாட்டார் டீச்சர்” என்றாள். எதிர்த்துப் பேசியதற்காக அவளை வெளியே நிறுத்தினார்கள். அந்த வகுப்பறைக் கதவும் அவள் அப்பா செய்ததுதான். நாலரைக்கு அது திறந்தபோது அவள் உள்ளே போகவில்லை, வீட்டுக்குப் போனாள்.

ஊர்க்காரர்களின் யோக்கியதையையும் எழுதிவிட வேண்டும். விழுந்தவருக்காக வாய் திறக்காதவர்கள், கதவு திறந்துகொள்கிறதே என்று கூட்டமாக வந்தார்கள். யாரிடம்? காண்ட்ராக்டரிடம் போகவில்லை, நகரசபைக்குப் போகவில்லை. அந்த அம்மாவிடம் வந்தார்கள். மருந்துக்கடைக்காரர் பூட்டைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வந்தார். பல் டாக்டர், உள்ளே வாயைத் திறந்துகொண்டு கிடப்பவர்களைத் தெருவே வேடிக்கை பார்க்கிறது என்று குறைப்பட்டார். உங்க வீட்டுக்காரர்கிட்ட கொஞ்சம் சொல்லி வைம்மா என்றார்கள். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார்: “உயிரோட இருந்தப்பவே நாலரைக்கு மேல ஒரு நிமிஷம் அவரை நிறுத்த முடியலை. இப்ப நான் சொன்னா கேட்கவா போறார்?” வந்தவர்கள் யாருக்கும் தெரியாத ஒன்று அவருக்கு உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது. ஊர்க் கதவெல்லாம் திறந்தது. நானூற்றுப் பதினேழில் சேராத ஒரு கதவு, தச்சர் தம் வீட்டுக்கென்று செய்தது, அது மட்டும் அசையவே இல்லை. நாலு ஐம்பதுக்கு மனைவியே போய்த் திறந்து வைத்துவிட்டு, சற்று நேரம் நின்று, சாத்திவிட்டு வருவார். ஏன்மா நம்ம வீட்டுக்கு மட்டும் வரலை என்று பெரியவள் கேட்டதற்கு, கெட்ட பேரோட உங்கப்பா வாசப்படி ஏற மாட்டார்டி என்றார்.

பொறுமை இல்லாதவர்கள் கதவை மாற்றத் தொடங்கினார்கள். அதற்கு ஊரில் மிச்சம் இருந்த ஒரே தச்சர் ஆணிக்காரர். எதைக் கொடுத்தாலும் ஆணியால் அறைந்து முடிப்பவர் என்பதால் அந்தப் பெயர். அவரும் அரைநூலும் ஒரே டீக்கடையில் இருபது வருடம் ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டவர்கள். அவன் செய்யற கதவுல மரத்தைவிட இரும்பு ஜாஸ்தி, காந்தம் வச்சா கதவே நடந்து வரும் என்பார் இவர். அவன் ஒரு கதவு முடிக்கறதுக்குள்ள வீட்டுக்காரனுக்குப் பேரன் பொறந்துடுவான் என்பார் அவர். ஊர் இதைப் பகை என்று நினைத்தது. இரண்டு பேருக்குமான டீக்கு யார் காசு கொடுப்பது என்பதில்தான் அவர்களுக்குள் உண்மையான சண்டை நடந்தது. அதை டீக்கடைக்காரர் மட்டும் அறிவார்.

ஆணிக்காரர் முதலில் கழற்றியது மருந்துக்கடை நிலையை. அரைநூல் பொருத்துகளுக்குப் பசை போட மாட்டார். ஒரு கட்டையின் நுனியைச் செதுக்கி மற்றதன் துளைக்குள் இறக்கி, குறுக்கே ஒரு மர முளையை அடித்துவிடுவார், அவ்வளவுதான். முளையைத் தட்டினால் பொருத்து பிரிந்துவிடும். பிரித்துப் பார்த்தால், வெளியே தெரியாத அந்த நுனியில் பென்சில் எழுத்து இருந்தது. தேதி, அதன் கீழே: ‘மகள் இன்று அப்பா என்றாள். சரியாகச் சொன்னால் ப்பா. அரைநூல் குறைவு.’ ஆணிக்காரர் கட்டையைக் கடைவாசலில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அடுத்து தபால் நிலையம்: ‘வீட்டில் கோபம். நான் வாங்கிய புடவை நிறம் சரியில்லையாம். சரியில்லைதான்.’ பல் டாக்டரின் கதவில்: ‘சின்னவளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். இன்று இறங்கியது. இந்தக் கதவில் குறை இருந்தால் அந்த மூன்று நாள்தான் காரணம், திரும்ப வந்து பார்க்க வேண்டும்.’ அடுத்த வாரமே அவர் வந்து அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போனது டாக்டருக்கு நினைவு வந்தது. அன்று அவரைப் பைத்தியம் என்று திட்டியதும் நினைவு வந்தது.

ஊருக்கு வெட்கம் வர ஒரு மாதம் பிடித்தது. அதுவரை, அடுத்தவர் வீட்டுக் கடிதத்தைப் படிப்பதுபோல, வீட்டுக்கு வீடு முளையைத் தட்டிப் படித்துச் சிரித்தார்கள். கதவை மாற்றும் பேச்சு நின்றுபோயிற்று. கடைசியில் ஆணிக்காரர்தான் சத்தம் போட்டார்: ஒரு பொருத்து விடாமல் எழுதியவன், விழுந்த அன்று இறக்கிய பொருத்திலும் எழுதாமல் விட்டிருப்பானா?

கேட்டது யார் என்பது போகாமல், கேள்வி மட்டும் காண்ட்ராக்டர் காதுக்கும் போனது. அவருக்கு மூளை நன்றாக வேலை செய்யும்; அதுதான் அவருக்கு வந்த வினை. மண்டபத்து நிலையில் கறையான் பிடித்துவிட்டது, இறக்கி அடுப்புக்குக் கொடுத்துவிட்டு இரும்புக் கதவு போட வேண்டும் என்று நகரசபையில் உத்தரவு வாங்கினார். செத்தவனுக்குப் பிடிக்காத ஆளாகப் பார்த்து வேலையைக் கொடுத்தால் வாயைத் திறக்க மாட்டான் என்று கணக்குப் போட்டு, ஆணிக்காரரையே கூப்பிட்டு அனுப்பினார். இருபது வருடம் டீக்கடைப் பேச்சை ஒட்டுக்கேட்டவன் செய்யக்கூடிய தவறு அது. ஆணிக்காரர் சரி என்றார், ஆனால் காலையில் வரமாட்டேன், நாலரைக்குத்தான் வருவேன் என்றார். கதவு தானே திறந்து கொடுத்தால் வேலை சுலபம் என்று காரணமும் சொன்னார். காண்ட்ராக்டர் ஒப்புக்கொண்டார். ஆணிக்காரர் டீக்கடையில் சொல்லிவைத்திருந்ததால், நாலு மணிக்கெல்லாம் மண்டபத்து வாசலில் ஊர் நின்றது. மனைவியும் இரண்டு பெண்களும் முன்னால் நின்றார்கள். பொறியாளரும் வந்திருந்தார், ஏன் வந்தார் என்று அவருக்கே தெரியாது.

நாலரைக்குக் கதவு திறந்தது. ஆணிக்காரர் புதுச் சாரம் கட்டச் சொல்லி, பலகையை மூன்று தடவை மிதித்துப் பார்த்த பிறகு ஏறினார். முளையைத் தட்டினார். மேல் கட்டையைப் பிரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உரக்கப் படித்தார். ‘மண்டப வாசல். மேல் பொருத்து. சாரப் பலகையில் விரிசல். காண்ட்ராக்டரிடம் மூன்றாம் தடவை சொல்லிவிட்டேன். நாளைக்கு மாற்றுவாராம், இன்று ஏறாவிட்டால் ஆணிக்காரனைக் கூப்பிடுவாராம். அவன் கை வைத்தால் இந்த நிலை ஒரு மழைக்குத் தாங்காது. அவனுக்கும் இரண்டு பிள்ளைகள், என்னைவிட எடையும் கூட. நானே ஏறுகிறேன். சின்னவளுக்குச் செருப்பு அறுந்துவிட்டது, நாலரைக்கு மேல் கடைக்குப் போக வேண்டும்.’

ஆணிக்காரர் மேலேயே நின்றுகொண்டு, “எடை கூடன்னு எழுதியிருக்கான் பாரு” என்றார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். காண்ட்ராக்டர், பென்சில் எழுத்து செல்லாது, யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம் என்றார். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஊரில் நானூற்றுப் பதினாறு கதவுகள் இருக்கின்றன என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். வானத்தைப் பார்த்த நாலு பேரில் ஒருவன் முன்னால் வந்து, நான் பார்த்தேன், மூன்று தடவை சொன்னதும் கேட்டது என்றான். பதினான்கு மாதம் கழித்து. அவனைப் பாராட்டியவர்களும் உண்டு. இந்தப் பக்கத்தில் அந்தப் பாராட்டுக்கு இடம் இல்லை.

புதிய அறிக்கை வர இன்னும் பதினொரு நாள் ஆனது. கவனக்குறைவு என்ற வார்த்தை அதிலும் இருக்கிறது, ஆனால் பெயர் மாறியிருக்கிறது. காண்ட்ராக்டர் சிறைக்குப் போகவில்லை. வேறு ஊரில் பெரிய வேலை எடுத்துப் போய்விட்டார். அங்கே நன்றாக இருப்பதாகக் கேள்வி. இங்கே அவர் வீட்டின் ஏழு கதவுகள் மட்டும் மண்டபத்தில் படித்த அன்று நாலரைக்குத் திறந்தவை இன்றுவரை மூடவில்லை. வீடு விலை போகவில்லை, ஆடுகள் போய் வருகின்றன.

பெயர் சரியானதும் கதவுகள் அடங்கிவிடும் என்று ஊர் எதிர்பார்த்தது. அடங்கவில்லை. ஊர்தான் அடங்கியது. இப்போது கடைகள் நாலரைக்கு இருபது நிமிடம் வேலையை நிறுத்துகின்றன, பல் டாக்டர் அந்த நேரத்தில் யாரையும் நாற்காலியில் ஏற்றுவதில்லை, இன்ஸ்பெக்டர் தம் காரியத்தை நாலேகாலுக்குள் முடித்துக்கொள்கிறார்.

புதிய அறிக்கையின் நகல் வந்த அன்று, மனைவி அதை இரண்டு தடவை படித்து மடித்து வைத்துவிட்டுக் கதவைத் திறக்க எழுந்தார். மணி நாலு ஐம்பது. எழுவதற்குள் கதவு திறந்தது. வாசலில் யாரும் இல்லை. கதவு நிதானமாகச் சாத்திக்கொண்டது. வாசப்படியிலிருந்து கூடத்தின் நடுவரை தேக்குச் சீவல் உதிர்ந்து கிடந்தது, புதுசு, சுருள் சுருளாக. பெண்கள் இருவரும் அம்மாவைப் பார்த்தார்கள். அவர் துடைப்பத்தை எடுத்தார்.

“சீவலைத் தட்டிட்டு உள்ள வாங்கன்னு எத்தனை வருஷமா சொல்றேன்.”

அன்றிலிருந்து தினமும் ஒரு முறம் சீவல். அடுப்புக்கு உதவுகிறது.