ஏழு பல் இரும்பின் ஆட்சேபம்

எங்கள் ஊரில் எதற்கென்று தெரியாத பழைய சாமான் எது கிடைத்தாலும் புதன்கிழமை ஊக அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அலுவலர் அருணாசலக்கனி சார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது இன்னதற்கு என்று ஊகித்து முத்திரை குத்துவார். முத்திரை விழுந்த நிமிடத்திலிருந்து சாமான் அந்த வேலையைச் செய்யும். கொண்டுவந்த வீட்டார்தான் தினமும் அதைச் செய்ய வைக்க வேண்டும்.

இதில் நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஒன்று இருக்கிறது. உடனே தரமாட்டேன். முதலில் அம்மாவின் வேலைகளைக் கேளுங்கள்.

அம்மா பிலோமினா தையல்காரி. வீட்டு முன்னறைதான் கடை. எங்கள் வீட்டில் ஏற்கெனவே மூன்று சாமான்களுக்கு முத்திரை விழுந்திருந்தது. கொக்கி வைத்த நீளக் கம்பி, மத்தியான நிழலை நான்கு விரற்கடை நகர்த்துவதற்கு. அதனால் பன்னிரண்டு மணியானால் அம்மா தையலை விட்டுவிட்டுத் தெருவில் நின்று வேப்பமர நிழலை இழுத்துக்கொண்டிருப்பாள். ஓட்டைப் பெட்டி, கோபத்தில் சொன்ன சொல்லை ஆறவைக்க. சண்டை போட்டவர்கள் வரிசையாக வந்து அதற்குள் பேசிவிட்டு, சாயங்காலம் ஆறியதை வாங்கிப் போவார்கள். பித்தளைக் குழாய், தேங்காய்க்குள் தண்ணீர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்க. இத்தனைக்கும் நடுவில் ரவிக்கைக்கு ஒரு கை தைக்கத்தான் அம்மாவுக்கு நேரம் இருந்தது. அந்த மாதம் எங்கள் தெருவில் கல்யாணமான இரண்டு பெண்களும் ஒற்றைக் கை ரவிக்கையில்தான் மேடையேறினார்கள்.

நான்காவது முத்திரை விழுந்தால், அந்த வீட்டில் வேறு தொழில் நடக்கக்கூடாது. தையல் மிஷினை அலுவலகம் எடுத்துக்கொண்டு அதற்கும் புதிதாக ஒன்றை ஊகித்துவிடும்.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் வாசலில் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டிய பள்ளத்திலிருந்து அது வந்தது. ஏழு பல், ஒரு சக்கரம், ஆட்டுக்காது மாதிரி ஒரு கைப்பிடி.

"பள்ளத்துலயே போட்டு மூடிருவோம்மா."

"ஏட்டி, தெருவே பாத்துட்டு. கொண்டுபோய்க் காட்டிட்டு வா. சார் ஏதாவது லேசான வேலையாச் சொல்லுவாரு."

"போன தடவையும் லேசாத்தான் சொன்னாரு."

மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. அம்மா நிழலை இழுக்கப் போய்விட்டாள். நான் இரும்பைப் பார்த்து, உனக்கு முத்திரை விழாது என்று சொன்னேன். மிஷினிடமும் சொன்னேன்.

ஊக அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. முத்திரைக்கு முன்னால் சாமானிடமே கேட்பார்கள். சாமான் தன்னைவிட வயதில் மூத்தது என்பதால் சார் எழுந்து நின்றுதான் கேட்பார். ஒரு நிமிடம் காத்திருப்பார். ஆட்சேபம் வந்தால் ஊகம் செல்லாது. இருபத்தாறு வருடமாக எழுந்து நிற்கிறார், ஒரு சாமானும் வாய் திறந்ததில்லை.

எனக்கு எல்லார் குரலும் வரும். ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில் பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் லீவு விட்டிருக்கிறேன். கண்டக்டர் குரலில் மினிபஸ்ஸைக் கிளப்பி, கண்டக்டரைப் பின்னால் ஓடவிட்டிருக்கிறேன். இரும்புக்கு என்ன குரல் என்று செவ்வாய்க்கிழமை முழுக்க யோசித்தேன். கண்டக்டரின் தொண்டையை எடுத்து, ஹெட்மிஸ்ட்ரஸின் அதட்டலைப் போட்டு, மூக்கில் கொஞ்சம் துரு சேர்த்தேன். உதடு அசையாமல் வந்தது.

சிரிப்பு இன்னும் வரவில்லை, தெரியும். கொஞ்சம் பொறுங்கள்.

புதன்கிழமை சார் இரும்பை மேஜையில் வைத்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"புளியம்பழத்துக்குத் தலை வாருவது," என்றார். எழுந்து நின்றார். "தங்களுக்கு ஆட்சேபம் உண்டா?"

"உண்டு," என்றது இரும்பு.

சார் தலையாட்டி, எழுதியதை அடித்தார்.

"கொட்டாவி எவ்வளவு தூரம் பரவியது என்று அளப்பது."

"உண்டு."

"கவிழ்ந்து படுப்பவர்களின் கனவைத் திருப்பிப் போடுவது."

"மொதல்ல உம்மத் திருப்பும்."

சார் அதையும் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.

எனக்குப் பின்னால் ஐஸ் வண்டிக்காரர் சூசை மாமா ஒரு செம்புச் சுருளோடு நின்றிருந்தார். "ஏதாவது ஒண்ணுக்கு ஒத்துக்கயேம்ப்பா," என்றார் இரும்பிடம். "வெளிய எனக்கு ஐஸ் உருகுது."

"உருகட்டும். மூத்தவங்க பேசும்போது குறுக்க என்ன பேச்சு?"

சூசை மாமா மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார்.

பத்து ஊகம் போயிற்று. பத்தாவதில் இரும்பின் குரல் கரகரத்து, கடைசியில் இருமிவிட்டது. அப்படியே எனக்கும் இருமல் நிற்கவில்லை.

"பாத்தியா, அதுக்கிட்டருந்து உனக்கும் தொத்திக்கிட்டு," என்றார் சார். பானையிலிருந்து அவரே தம்ளரில் மொண்டு கொடுத்தார். "குடி ஜெசிந்தா. நல்லா வாய் நிறையக் குடி."

வாய் நிறைய வாங்கினேன். அந்த நேரத்தில் சாரின் முகம் மலர்ந்தது.

"மீனுக்குக் கண்ணை மூடிவிடுவது," என்றார். "பாவம், அதுகளுக்கு இமை கிடையாது. ஏழு பல், ஒரு தடவைக்கு ஏழு மீன்."

விடிகாலை ஏலக்கூடத்தில் கூடை கூடையாக இறங்கும் அத்தனை மீனுக்கும் நடுவில் அம்மா குனிந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. சார் முத்திரையை மையில் ஒற்றி எடுத்து, எழுந்து நின்றார்.

"தங்களுக்கு ஆட்சேபம் உண்டா?"

தொண்டை வீங்கித் தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. துப்பவும் முடியாது. மூக்குக்கு நேரே விரிந்திருந்த பதிவேட்டில் எச்சில் பட்டால் துப்பியவர் வீட்டுக்கு முத்திரை தானாகவே விழும். சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது விநாடி இருந்தது. பத்து. முத்திரை தாளுக்கு ஒரு விரல் உயரத்தில் வந்து நின்றது.

"உண்டு," என்றது இரும்பு.

மெல்லிய குரல், சளி பிடித்த மாதிரி. நான் செய்து வைத்த குரலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"நான் எதுக்குன்னு எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். எத்தனை புதன்கிழமை வேணும்னாலும் எந்திரிச்சு நின்னு கேளுங்க."

சார் பதிவேட்டில் அதற்கான பக்கத்தைத் தேடி எடுத்து, 'சொல்ல மறுத்தது' என்று எழுதினார். முத்திரையைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். "இதால உங்க வீட்டுக்கு வேலை கிடையாது. மிஷின் உங்க அம்மாவுக்குத்தான். கூட்டிட்டுப் போ," என்றார்.

பிறகு அடித்துப்போட்ட பத்து வரிகளையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார். பத்தாவதில் விரல் நின்றது. இரும்பைப் பார்த்தார். உப்பியிருந்த என் கன்னங்களைப் பார்த்தார்.

"அப்ப இவ்வளவு நேரம் பேசினது நீதானா?"

"நான் இல்ல சார்," என்றது இரும்பு, அச்சு அசல் என் குரலில்.