தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

1.

இந்தக் கதை ஒரு வாசகியின் கோபத்தில் தொடங்கியது. கலாராணி அப்புத்தளைக்காரி, என் குடும்ப நாவல்கள் எல்லாவற்றையும் வாசித்தவள். மாசி மாதம் ஒரு காலையில் தொலைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, ஒங்க கதையில எல்லாரும் கடைசி அத்தியாயத்துல ஒண்ணு சேந்துர்றாங்க. இங்க எங்க வீட்டுல நம்ம நெறத்துல ஒரு வெள்ளக்காரி வந்து ஒக்காந்திருக்கு. செத்துப்போன எங்க மாமியாரத்தான் அம்மாங்குது. டெஸ்ட்டு பாத்தா இல்லைன்னு வந்திருக்கு. இத எப்புடிச் சேப்பீங்க?"

மறுநாளே பதுளையில் ரயிலேறினேன். சேர்த்துவிடலாம் என்ற நம்பிக்கையில்தான்.

2.

தொடக்கங்கள்:

மூடுபனியைக் கிழித்துக்கொண்டு அந்த ரயில் ஒரு நெடிய பெருமூச்சோடு

(விட்டுவிட்டேன். அன்று மண்டையைப் பிளக்கும் வெயில்.)

நெதர்லாந்தில் வளர்ந்த எல்ஸுக்குச் சிறுவயது முதலே ஏதோ ஒன்று குறைவதாக

(இதை ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டியதும் எல்ஸ் சிரித்துவிட்டாள். வளர்த்தவர்கள் நல்லவர்கள், தனக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை என்றாள். தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். இதற்காக அவள் இலங்கைக்கு வருவது இது மூன்றாவது முறை. தெரியாமல் திரும்பப் போவதில்லை என்பதைப் பயண விவரம் போலச் சொன்னாள்.)

ஆகவே அலங்காரம் இல்லாமல் எழுதுகிறேன். 1985இல், நான்கு மாதக் குழந்தையாக, எல்ஸ் கடல் கடந்து போனாள். அவளுடைய தத்துப் பத்திரத்தில் இருந்த ஊர், அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். குழந்தையின் பெயர் குப்பம்மா. தாயின் பெயர் அங்கம்மா, பக்கத்தில் கைநாட்டு. அங்கம்மா இறந்து ஆறு வருடமாகிறது. அவர் மகன் நிஷாந்த் ஆட்டோ ஓட்டுகிறான், கலாராணியின் கணவன். எல்ஸ் கேட்டதும் மரபணுப் பரிசோதனைக்குத் தயங்காமல் எச்சில் கொடுத்தான். ஒட்டு உறவே இல்லை என்று முடிவு வந்தது.

3.

என் முதல் பிரதியில் அங்கம்மாவைக் கெட்டவளாக்கினேன். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்குத் தத்துப் போன பிள்ளைகளுக்குத் தாய் என்று சொல்லிக் கையெழுத்து வைக்கக் காசுக்கு ஆள் பிடித்ததும் உண்டு. அங்கம்மா அப்படிப் போனவள் என்று வைத்துக்கொண்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். கலாராணி வீட்டிலேயே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். அவளுக்கு வெற்றிலைக் கறைப் பல்லும் கள்ளப் பார்வையும்கூடக் கொடுத்தேன்.

பக்கத்து அறையில் நிஷாந்த் தன் தாயின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றுவது கேட்டது. விருந்தாளி பார்த்துவிடக் கூடாதாம்.

என் பேனா நின்றது படத்தால் அல்ல. குப்பம்மா என்ற பெயரால். என் அண்ணன் பெயர் பிச்சைமுத்து. பிறந்து பிறந்து தங்காத வீட்டில், அடுத்து வரும் பிள்ளைக்குத்தான் யாரும் ஆசைப்படாத பெயரை வைப்பார்கள். அங்கம்மாவுக்கோ ஐந்து பிள்ளைகள், ஐந்தும் நலம். அவள் வீட்டில் குப்பம்மா எதற்கு?

(வாசகருக்கு: இது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அப்படிப் பிறக்கும் பிள்ளையைத் தவிட்டுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். பிள்ளைகள் தங்கிய ஒருத்தி ஒரு சொளகு, அதாவது ஒரு முறம் நிறையத் தவிட்டைக் கொடுத்து வாங்கிக்கொள்வாள். பெற்றவள் பால் கொடுக்கலாம், தாலாட்டலாம். என் பிள்ளை என்று மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் எமன் காதில் விழுந்துவிடும். பிள்ளை தலையெடுத்த பிறகு தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்வார்கள். அதுவரை ஊரே சேர்ந்து, வாங்கியவளைத்தான் தாய் என்று சொல்லும்.)

நிஷாந்திடம் கேட்டேன், உங்கம்மா யார் பிள்ளையையாவது தவிட்டுக்கு வாங்கியிருக்கிறாரா என்று.

"எங்கம்மா வாங்காத புள்ளயா? லயத்துல பாதிப் பேருக்கு அதுதான் அம்மா. ராசியான வயிறுன்னு வரிசையில நிப்பாங்க." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். "கீழ் லயத்துப் பெரியாயி சின்னம்மாவுக்கு மூணு தவறிப்போச்சு. நாலாவது..."

படத்தைத் திரும்ப மாட்டிவிட்டுத்தான் ஆட்டோச் சாவியை எடுத்தான்.

4.

பெரியாயியைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை. கதாபாத்திரமாக அவள் ஒத்துழைக்கவில்லை. எல்ஸைப் பார்த்ததும் அழவில்லை, ஓடிவரவில்லை. கொழுந்துக்கூடைக் கயிறு தழும்பாக்கிய நெற்றியைத் துடைத்துக்கொண்டு, உட்காருங்க என்றாள். பிளேன்டீ ஊற்றினாள். எல்ஸின் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் சொன்னதை எல்ஸுக்கு நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தேன். குழந்தை பிறந்து சில வாரத்தில் பெரியாயி காய்ச்சலோடு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு மாதம் படுத்துவிட்டாள். அப்போது லயத்துக்கு ஒரு டவுன் நோனா, வசதியான வீட்டுப் பெண், வந்தாள். குழந்தையைச் சில காலம் விடுதியில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, யார் பிள்ளை என்று கேட்டாள். வழக்கப்படி லயமே ஒரே குரலில் அங்கம்மா பிள்ளை என்றது. அங்கம்மாவும் ஆமாம் என்றாள், காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தாள். திரும்பி வந்த பெரியாயி அந்த விடுதியைத் தேடிப் போனாள்.

"நீயா அம்மான்னு கேட்டாங்க. ரெண்டு தடவ கேட்டாங்க. நா எப்புடிங்க ஆமாங்கிறது? மூணு மண்ணுக்குள்ள கெடக்கு. இது எங்கயாச்சும் உசுரோட இருக்கட்டும்னு, இல்லைன்னுட்டேன்."

எல்ஸ் என்னிடம் ஒன்றை மட்டும் உறுதிப்படுத்திக்கொண்டாள்: நான் உயிரோடு இருக்க வேண்டும் என்றுதான் 'இல்லை' என்று சொன்னாரா? ஆமாம் என்றேன். அப்படியானால் 'நீயா அம்மா' என்று இப்போது கேளுங்கள் என்றாள். கேட்டேன்.

"அவ அங்கம்மா புள்ள," என்றாள் பெரியாயி.

(என் நாவலாக இருந்தால் இங்கே மொழிபெயர்ப்பில் ஒரு பொய்யைச் சொல்லி இருவரையும் கட்டிப்பிடிக்க வைத்திருப்பேன். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன்.)

எல்ஸின் பையில் இன்னொரு பரிசோதனைக் குழாய் இருந்தது. கையை உள்ளே விட்டாள், வெறும் கையை எடுத்தாள். தவிட்டைத் திருப்பிக் கொடுப்பது எப்படி என்று கேட்கச் சொன்னாள்.

"வாங்குனவ போய்ச் சேந்துட்டா. யாருகிட்டக் குடுக்குறது?"

"நா இருக்கேன்ல சின்னம்மா," என்றான் நிஷாந்த், வாசலில் இருந்து.

பெரியாயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒனக்கு இருக்கதெல்லாம் நல்லா இருக்கா?"

"ரெண்டு வாண்டு. வீட்ட ரெண்டாக்குதுங்க."

பிறகு எல்ஸைக் காட்டி, அவளுக்கும் பிள்ளைகள் உண்டா என்று என்னிடம் கேட்டாள். இரண்டு என்றேன்.

"ரெண்டும் தங்கிருச்சா?"

எல்ஸ் தொலைபேசியைத் திறந்து படத்தைக் காட்டினாள். பெரியாயி நெடுநேரம் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"வெள்ளிக்கெழம காலையில வாங்க," என்றாள்.

5.

தவிடு ஹாஷிம் கடையில் வாங்கியது. கோழிக்கா, மாட்டுக்கா என்று கேட்டார். "மனுசிக்கு" என்றான் நிஷாந்த். அவர் மேலே கேட்காமல் நன்றாகச் சலித்ததாகப் பார்த்துக் கட்டிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பெரியாயி தலைக்குக் குளித்து, ஈரம் சொட்டச் சொட்ட நின்றாள். சொளகில் தவிட்டைக் கொட்டி, நிஷாந்த் விரித்த துண்டில் சாய்த்தாள். பாதி வாசலில் சிந்தியது. அடுத்த காம்பரா வீட்டுச் சேவல் அதற்குள் வந்துவிட்டது.

பிறகு எல்ஸின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். நானும் பின்னால் போனேன். நிலைப்படியில் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க வெளிய நில்லுங்கம்மா. எழுதுறவுங்க."

கதவைச் சாத்தினாள்.

6.

முடிவுகள்:

(அ) பெரியாயி அந்த வார்த்தையைச் சொல்கிறாள். என் நாவல்களின் முடிவு. கலாராணி இதை நம்பமாட்டாள்.

(ஆ) வாயெடுத்தும் வார்த்தை வரவில்லை. நாற்பது வருடப் பயம் ஒரு சொளகுத் தவிட்டோடு போய்விடுமா?

(இ) கதவு மெல்லிய பலகை. காதை வைத்தால் கேட்கும்.

மூன்றாவதை நான் செய்யவில்லை. லயத்துக்குத் தண்ணீர் கொட்டும் பீலிப் பக்கம் போய் நின்றுகொண்டேன். நிஷாந்த் துண்டை நெஞ்சோடு பிடித்தபடி, இதை என்ன செய்வது என்று கேட்டான். சேவலுக்குப் போடு என்றேன். அம்மாவுக்கு வந்ததாச்சே என்று மடித்து ஆட்டோவில் வைத்தான்.

கதவு திறந்தபோது இரண்டு பேரும் அழுதிருந்தார்கள். அது (அ)வுக்கும் பொருந்தும், (ஆ)வுக்கும் பொருந்தும். எல்ஸிடம் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பேன்.

திரும்ப முதலிலிருந்து பாருங்கள். எல்ஸ் பெரியாயிக்கு என்ன உறவு என்பதை நான் ஓரிடத்திலும் எழுதவில்லை. தெரியாததால் அல்ல. என் அண்ணனைத் தவிட்டுக்குக் கொடுத்த வீட்டில் பிறந்தவள் நான், அதை முதலில் சொல்ல வேண்டியவள் நானில்லை என்று தெரியும். அச்சில் வருவது எமன் காதில் விழாது என்று யார் சொன்னார்கள்?

நீங்கள் லயத்துக்காரர் இல்லை என்றால் உங்களுக்கு அந்தப் பயம் வேண்டாம். கதவுக்கு உள்ளே உங்களை நிறுத்திவிட்டு நான் போகிறேன், மீதியை நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள். பெரியாயி எல்ஸின் முகத்தை இரண்டு கையிலும் ஏந்தி