ஒரே நோய், இரண்டு பிள்ளைகள்

தினுஷன் பிறந்து வார்டில் இருந்த நாட்களில் அழுததே குறைவு. பாலுக்கு வைத்தால் இரண்டு வாய் உறிஞ்சிவிட்டுத் தூங்கிப்போவான். "தங்கமான புள்ள, அம்மாவுக்குக் கரச்சலே குடுக்காது" என்றார்கள் பக்கத்துக் கட்டில்காரிகள். சஞ்சீவனிக்குப் பெருமையாக இருந்தது. மூன்றாம் மாதம், கண்டிக்குப் பக்கத்தில் கலகெதர வீட்டில் பிள்ளைக்குக் கண் செருகி, கை கால் இழுக்கத் தொடங்கிய பிறகுதான் அது தூக்கமே இல்லை என்று தெரிந்தது. அவனுடைய உடம்பு கட்டுக்கடங்காமல் இன்சுலின் சுரந்து, இரத்தத்திலிருந்த சீனியைத் துடைத்தெடுத்துக்கொண்டிருந்தது. அத்தனை நாளும் மூளை பட்டினி கிடந்திருக்கிறது.

நோயைக் கண்டுபிடித்தவர் கண்டியில் டொக்டர் இராமநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுசன். கடைகளில் கிடைக்காத மருந்தை எப்படியோ இந்தியாவிலிருந்து எடுப்பித்துக் கொடுத்தார். மருந்து சீனியைப் பிடித்து நிறுத்தியது. நெற்றியிலும் முதுகிலும் பூனைமயிரை வளர்த்தது. ஆனால் போனதைத் திருப்பித் தரவில்லை. எட்டு வயதாகியும் தினுஷனுக்குச் சட்டைப் பொத்தான் போட வராது. பேச்சும் நாலைந்து சொல்லுக்கு மேல் தெளிவில்லை.

தங்கச்சி யதுர்ஷா பிறந்தபோது எல்லோரும் உஷாராக இருந்தார்கள். பிறந்த கையோடு குதிகாலில் குத்திச் சோதித்தார்கள். அதே நோய். உடனே சீனித் தண்ணீர் ஏற்றி, மருந்தும் தொடங்கினார்கள். இப்போது நாலு வயதில் அண்ணனின் புத்தகத்தை எடுத்து எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். கேட்கக் கேட்க சஞ்சீவனிக்கு நெஞ்சு நிறையும். அடுத்த நிமிசமே அந்தச் சந்தோசத்தின் மேலேயே ஆத்திரம் வரும். அவன் கெட்டதால்தான் இவள் தப்பினாள். இதை யாரிடம் சொல்லி அழுவது?

போன மாதக் கிளினிக்கில் டொக்டர் ஒரு விசயம் கேட்டார்.

"அம்மா, டொக்டர்மாருக்கு ஒரு கூட்டம் வைக்கிறம். ரெண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருவீங்களே?"

"எதுக்குங்க டொக்டர்?"

"ஒரே வீடு, ஒரே நோய். ஒராளுக்குப் பிந்தி வைத்தியம், மற்றாளுக்கு நேரத்தோட. பக்கத்தில பக்கத்தில பார்த்தால்தான் டொக்டர்மாருக்கு மனசில நிற்கும்."

சஞ்சீவனிக்கு முகம் சூடாகிவிட்டது. "மகளக் கூட்டிக்கிட்டு வாறேன். மகன் வேணாம்."

"அவன் இல்லாட்டி விளங்காது, அம்மா."

"பொறந்தன்னைக்கு ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாத்திருந்தா போதும். அத வாயால சொன்னா அவங்களுக்கு வெளங்காதா? அதுக்கு எம்புள்ளய நிக்க வைக்கணுமா?"

டொக்டர் கோபிக்கவில்லை. "ஓம், உங்கட விருப்பம்தான்" என்று மருந்தை எழுதிக் கொடுத்தார்.

கண்டி பஸ் ஸ்டாண்டில் மோகனராஜ் மனைவியிடம் வாய் திறந்தான். "அவரு கையாலதான் மருந்து வருது, புள்ள. மனசு சங்கடப்பட்டுட்டாருன்னா?"

"அப்படிப்பட்ட மனுசன் இல்லங்க."

"இல்லத்தான். ஆனா நமக்கு வேற யாரு இருக்கா?"

வீடு வந்து சேருமுன்பே, போகத்தான் வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

போனார்கள். மண்டபம் நிறைய டொக்டர்மார். தினுஷனுக்குப் புதுச் சட்டை. பொத்தானெல்லாம் அவளே போட்டுவிட்டிருந்தாள். டொக்டர் மேடையில் இரண்டு பிள்ளைகளிடமும் ஒரே படத்தைக் காட்டினார். தினுஷன் படத்தைப் பார்க்காமல் டொக்டரின் கழுத்துப்பட்டியைத் தொட்டுப் பார்த்தான். யதுர்ஷா, "இது யானை. குளிக்குது" என்றாள். ஆங்கிலத்தில் டொக்டர் சொன்னதில் சஞ்சீவனிக்குப் பிடிபட்டது இரண்டே சொல். அவன் பக்கம் கை நீட்டி 'லேட்'. இவள் பக்கம் நீட்டி 'ஏர்லி'.

மண்டபம் கைதட்டியது. எதற்கென்று தெரியாமல் தினுஷனும் தட்டினான், முகமெல்லாம் சிரிப்பு. எல்லோரும் நிறுத்திய பிறகும் அவன் நிறுத்தவில்லை. முன்வரிசையில் ஓர் இளம் டொக்டர் தலையைக் குனிந்துகொண்டாள். சஞ்சீவனி மேடையேறி மகனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

இறங்கி வரும்போது டொக்டர் இராமநாதன் கும்பிட்டார். "பெரிய உதவி, அம்மா. இனி எத்தனையோ பிள்ளைகள் தப்பும்."

"தப்பட்டுங்க, டொக்டர்" என்றாள் அவள். மனதார அப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தாள். முடியவில்லை.

வெளியே மோகனராஜ் பிள்ளைகளுக்கு ஐஸ்பழம் வாங்கிக் கொடுத்தான். தினுஷன் அம்மாவின் சேலையை இழுத்து, மண்டபத்தைக் காட்டினான்.

"நாளைக்கு... போவம்?"

"போவோம்டா" என்றாள்.